பதவி இயந்திரத்துக்கு, பொறுப்பு யாருக்கு?

கேரள காவல்துறை 2019 பிப்ரவரியில், திருவனந்தபுரத்திலுள்ள தனது தலைமையகத்தில் ஓர் இயந்திர மனிதனைப் பணியில் அமர்த்தி, அதற்கு உதவி ஆய்வாளர் தகுதியையும் அளித்தது. வருவோரை வரவேற்று வழிகாட்டுவதுதான் அதன் வேலை என்பதால் அதை வேடிக்கையாகக் கருதிவிடலாம். ஆனால், தவறிழைக்கும் உதவி ஆய்வாளரைப் பணியிடை நீக்கம் செய்யலாம்; நீதிமன்றக் கூண்டில் நிறுத்தலாம். இயந்திரம் தவறிழைத்தால் யாரை நிறுத்துவது?

இந்தக் கேள்வி இப்போது வரவேற்பறையைக் கடந்து வீதிக்கு வந்துவிட்டது. கேரளத்தில் செயற்கை நுண்ணறிவு கேமராக்களின் அடிப்படையில் 2023 ஜூன் முதல் அபராதம் விதிக்கப்படுகிறது. திருவனந்தபுரத்தின் சாலை கடைத்தெருவுக்குத் தமிழகத்திலிருந்து செல்லும் வாகன ஓட்டி, இருக்கைப் பட்டை அணிந்திருந்தாரா என்பதை முதலில் கணிப்பது கேமராதான். அதிகாரி சரிபார்த்த பிறகே நோட்டீஸ் அனுப்பப்படுகிறது என்பது ஆறுதல். ஆனால், அந்தச் சரிபார்ப்பு வெறும் சடங்காகிவிட்டால், தான் குற்றமற்றவர் என்று நிரூபிக்கும் சுமை வாகன ஓட்டியின் தலையில்தான் விழும்.

போக்குவரத்துக் கேமராக்களுக்காவது 2021-இல் மத்திய அரசு விதிகளை வகுத்தது. கருவிக்கு ஒப்புதல் சான்றிதழும், சாலையில் எச்சரிக்கைப் பலகையும் கட்டாயம். தமிழகம் உள்பட பல மாநிலக் காவல்துறைகள் பயன்படுத்தும் முக அடையாள மென்பொருளுக்கோ நாடாளுமன்றம் தனிச் சட்டம் எதையும் இயற்றவில்லை. அபராதம் பணத்தோடு போய்விடும். ஆள்மாறாட்டத்தால் நேரும் கைது அப்படியல்ல.

செயற்கை நுண்ணறிவின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவரும் எண்ணமில்லை என்று 2023 ஏப்ரலில் மக்களவையில் மத்திய அரசு தெரிவித்தது. 2025 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிமுறைகளும், தனிச் சட்டம் இப்போதைக்குத் தேவையில்லை என்றே கூறுகின்றன. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது.

அவசரச் சட்டம் இளம் தொழில்முனைவோரை முடக்கிவிடும் என்கிற வாதத்தைப் புறந்தள்ள முடியாது. அதற்காக, குடிமக்கள் மீது அரசே பிரயோகிக்கும் இயந்திரங்களுக்கும் கட்டுப்பாடு வேண்டாம் என்பது ஏற்புடையதல்ல. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், பொது இடங்களில் காவல்துறை உடனுக்குடன் முகங்களை அடையாளம் காண்பதைச் சில விதிவிலக்குகளுடன் தடை செய்துள்ளது.

அரசு பயன்படுத்தும் ஒவ்வோர் இயந்திர முடிவுக்கும் பதில்கூறக் கடமைப்பட்ட அதிகாரி யார் என்பதும், பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் கேட்கும் உரிமையும் இழப்பீடும் உண்டு என்பதும் சட்டமாக்கப்பட வேண்டும். நெறிமுறையை மீறினால் தண்டனை கிடையாது. சட்டத்தை மீறினால் உண்டு. இயந்திரத்துக்குப் பதவி தரலாம். பொறுப்பை அதன் தலையில் கட்டிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது!