விஞ்ஞான விளக்கம்: எண்ணெய்ச் சேறு

அஸ்ஸாமிலும் மும்பைக் கடலிலும் எண்ணெய்க் கிணறு துளைக்கும் தொழிலில் நம்மவரும் ஈடுபட்டுள்ளனர். அவர்கள் பேச்சில் 'மட்' என்ற சொல் அடிக்கடி வரும். சேறு என்று பொருள்படினும் அது வெறும் சேறன்று. கிணற்றுக்கு உயிர் போன்றது. இம்மாதம் அதன் இயல்பைச் சிறிது ஆராய்வோம்.

அச்சேறு குழாய் வழியே இறங்கித் துளைமுனையைக் குளிர்விக்கிறது. பாறைத்துகள்களைச் சுமந்துகொண்டு மேலேறுகிறது. தன் பாரத்தால் நிலத்தடி வாயுவைப் பொங்கவிடாமல் அடக்கி வைக்கிறது. நீர் பட்டால் ஊதிச் சரியும் களிப்பாறை உள்ள இடங்களில், எண்ணெயை அடிப்படையாகக் கொண்டு அதனை ஆக்குவர்.

பம்பு இயங்கும்போது அது தடையின்றி ஓட வேண்டும். நின்றதும் கூழாகித் துகள்களைத் தாங்க வேண்டும். வெறும் எண்ணெய்க்கு இவ்விரண்டாம் குணம் இல்லை. ஆதலால் சில பொருள்களைச் சேர்க்கின்றனர்.

முதலாவது, கால்சியம் குளோரைடு கரைந்த உப்புநீர். அதன் நுண்துளிகள் ஒன்றுகூடாதபடி, கொழுப்பமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டாகும் சோப்பு காக்கிறது. துளிகள் பெருகப் பெருகச் சேறு தடிக்கும். இரண்டாவது, எண்ணெயில் விரவுமாறு அமைன் பொருள்களால் பதப்படுத்திய பெண்டொனைட்டுக் களிமண். ஓய்வில் அதன் நுண்தகடுகள் வலைபோல் பிணைந்து கூழாகும். ஓட்டத்தில் அப்பிணைப்பு அறும். மூன்றாவது, நீரைப்போல் ஏறத்தாழ 4.2 மடங்கு அடர்த்தியுள்ள பாரைட்டு. ஆந்திரத்து மங்கம்பேட்டைச் சுரங்கங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. பாரம் தரும் இப்பொருளும் சேற்றைத் தடிக்கச் செய்கிறது. பாரைட்டுத் துகள் எண்ணெயில் நனையாமல் நீரில் நனைந்தால் திரண்டு கட்டியாகும். அதைத் தடுக்கவும் தனியே ஒரு மருந்து உண்டு.

இவற்றின் அளவிலேதான் ஆபத்து இருக்கிறது. கூழ்த்தன்மை குறைந்தால் பாரைட்டு கீழே படியும். மேலுள்ள சேறு இலேசாகி, வாயு உட்புக வழி பிறக்கும். கூழ் இறுகிவிட்டாலோ, பம்பை மீண்டும் இயக்குகையில் எழும் அழுத்தம் பாறையைப் பிளந்துவிடக்கூடும். சேறு அப்பிளவில் வடிந்து மட்டம் தாழ, மீண்டும் அதே அபாயந்தான். மேலும் ஆழத்தின் வெப்பத்தில் எண்ணெய் இளகும். ஆழ்கடல் தரையின் குளிரிலோ தடிக்கும்.

ஆகவே நிமிடத்துக்கு 600, 300 என இரு வேகங்களில் சுழலும் கருவியால் ஓட்டத்தை அளப்பர். 10 விநாடியும் 10 நிமிடமும் அசையாது விட்டுக் கூழின் வலிமையையும் அளப்பர். கோப்பையளவு சேற்றைச் சோதிக்கும் அவ்வேலை அற்பமாகத் தோன்றலாம். எனினும் கிணற்றடியில் உழைப்போர் அனைவருடைய உயிரும் அக்கணக்கின் பொறுப்பில் இருக்கிறது.