நாளை வருகிறேன் என்றார்



1965-ல் சிகாகோவில் இறையியல் மாணவர்கள் நால்வர் எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவரைத் தேடி வந்தார்கள். மரணத்தை நெருங்கியவர்களின் மனத்தை எப்படி ஆராய்வது என்பது அவர்கள் கேள்வி. நோயாளிகளிடமே கேட்போமே என்றார் ராஸ். வார்டு வார்டாக ஏறி இறங்கினார். ‘சாகும் நிலையில் இங்கே யாருமில்லையே’ என்ற தோரணையிலேயே மருத்துவர்கள் கைவிரித்தார்கள். அவ்வளவு பெரிய மருத்துவமனையில்!

கடைசியில் ஒரு முதியவர் கிடைத்தார். உட்காரச் சொன்னார், அப்போதே பேச ஆசைப்பட்டார். மாணவர்களோடு நாளை வருகிறேன் என்று கிளம்பிவிட்டார் ராஸ். மறுநாள் முதியவருக்குப் பேசத் தெம்பில்லை. முயன்றதற்கு நன்றி என்று மட்டும் சொன்னார். சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது. 1969-ல் வெளியான தன் நூலில் ராஸே இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

நோய்த்தணிப்புச் சிகிச்சையில் இருப்பவர்களை ஆய்வில் சேர்க்கலாமா என்று கேட்டால், ‘பாவம், அவர்களை ஏன் தொந்தரவு செய்யணும்?’ என்பதுதான் என் வாயிலும் முதலில் வந்தது. நோயின் பெயரையே நோயாளியிடம் சொல்லாமல், மகனை வெளியே அழைத்து ரகசியம் பேசும் ஊர்க்காரன் அல்லவா நான்!

அந்தத் தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. 1963-ல் நியூயார்க்கின் புரூக்ளினில், நாள்பட்ட நோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்றில் 22 பேருக்கு உயிருள்ள புற்றுநோய்ச் செல்களை ஊசியில் ஏற்றினார்கள். எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்கிறோம் என்றார்களே ஒழிய, ஊசியில் இருப்பது என்ன என்று சொல்லவில்லை. முடியாது என்று மறுத்த இளம் மருத்துவர்கள் மூவர் வேலையை விட்டு விலகினார்கள்.

இன்னொரு பக்கம், லண்டன் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் நோய்த்தணிப்பு இல்லத்தில் ராபர்ட் டுவைகிராஸ் என்ற மருத்துவர் கடும் வலியில் இருந்த புற்றுநோயாளிகளிடையே மார்ஃபினையும் ஹெராயினையும் ஒப்பிட்டுப் பார்த்தார். முறையாக வாய்வழி கொடுத்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்ற முடிவு 1977-ல் வெளியானது. ஹெராயின்தான் உசத்தி என்ற பழைய நம்பிக்கை அதில் ஆட்டம் கண்டது. படுக்கையில் இருந்தவர்கள் பங்கெடுக்காமல் இது எப்படித் தெரிந்திருக்கும்?

ஆக, கேட்கலாமா என்பதைவிட எப்படிக் கேட்பது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சிகிச்சை தரும் டாக்டரே படிவத்தை நீட்டினால் எந்த நோயாளியால் மறுக்க முடியும்? வேறொருவர் கேட்கட்டும். காலையில் சரி என்றவர் சாயங்காலம் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடட்டும். கவனிப்பில் ஒரு துளியும் குறையக் கூடாது. கையெழுத்து ஒருமுறை வாங்கியாயிற்று என்பது இங்கே செல்லாது. தெம்பும் தெளிவும் நாளுக்கு நாள் மாறும்.

உங்கள் வீட்டு அனுபவத்தை எழுதுங்கள். அந்த நோயாளி இன்னும் உங்களோடு இருந்தால், தபாலில் சேர்க்கும் முன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அடிக்கச் சொன்ன வரியை அடித்துவிட்டே அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்