ஊசியும் நூலும் ஊர்திப் பயணமும்

காரின் பின்னிருக்கையில் அமர்ந்து, மடியில் துணியை விரித்துக் குறுக்குத் தையல் இடும் பெண்ணைக் கண்டால், 'வெளியே பார்க்காமல் இதென்ன வேலை?' என்று நம்மில் பலர் கேட்டுவிடுகிறோம். அதே இருக்கையில் ஒருவர் உறங்கினாலும், கைபேசியில் ஆழ்ந்தாலும், புத்தகம் விரித்தாலும் இக்கேள்வி எழுவதில்லை. இப்பாகுபாடு சிந்தனைக்குரியது.

கிராஸ் ஸ்டிட்ச் என நாம் அறிந்த இத்தையல், எண்ணிக்கையின் கலை. ஆறு இழை நூலிலிருந்து இரண்டைப் பிரித்தெடுத்து, கட்டங்களை எண்ணி, ஒவ்வொன்றிலும் ஒரு பெருக்கல் குறி இட வேண்டும். அங்குலத்திற்கு 14 கட்டங்கள் கொண்ட துணியில், நான்கு அங்குலச் சதுரம் நிரம்ப 3,136 குறிகள் தேவை. துளைகள் துணியிலேயே அமைந்துள்ளன. ஊசியின் முனையும் மழுங்கியது. ஆதலால் நேரான நெடுஞ்சாலையில் இது எளிதில் இயலும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இயலாது. கண் அசையாத துணியைக் காண, உட்செவி வண்டியின் அசைவை உணர, இம்முரணால் குமட்டல் தோன்றும். அங்கே ஊசியைப் பெட்டியில் வைத்துவிட்டு மலையைப் பார்ப்பதே முறை.

ஆனால் நம் கேள்வி வசதி பற்றியதன்று. வீட்டில் ஊசியோடு அமரும் பெண்ணை அடுப்பும் அழைப்புமணியும் எழுப்பிவிடுகின்றன. சென்னையிலிருந்து மதுரை சேரும்வரையுள்ள ஏழெட்டு மணி நேரத்தில் எழுந்து சென்று செய்ய வேண்டிய வேலை ஏதுமில்லை. பலருக்கு அதுவே தமக்கெனக் கிடைக்கும் நீண்ட பொழுது. அப்பொழுதிலும் வெளியே பார்க்கச் சொல்வது, அதையும் நாமே பங்கிட்டுத் தர முனைவதாகும்.

குறுக்குத் தையலே முதன்மையாக விளங்கும் பாலஸ்தீனப் பெண்களின் தத்ரீஸ் கலை, 2021இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கர்நாடகத்துக் கசூத்தியில் இத்தையலுக்கு வெந்தயத்தின் பெயரால் 'மெந்தி' என்றே பெயர். பட்டியலில் சேர்ந்தால் மரபு என்கிறோம். பக்கத்து இருக்கையில் நிகழ்ந்தால் பொழுதுபோக்கு என்கிறோம்.

இலக்கியம் பயிற்றுவிக்கும் நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ஏட்டுக்கும் இழைக்கும் 'நூல்' என ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். நன்னூலின் பாயிரம், சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும் உவமிக்கிறது. அச்சூத்திரத்தை வகுப்பில் விளக்கிவிட்டு, பயணத்தில் நூல் படிப்பவரை மதித்து, நூல் கோப்பவரை ஐயுறுதல் பொருந்துமா?

ஆகவே அடுத்த பயணத்தில் அக்கேள்வியைத் தவிர்ப்போம். ஓட்டுபவர் மேடுபள்ளம் வருமுன் ஒரு சொல் சொன்னால் போதும். தைப்பவருக்கு வேண்டிய உதவி அவ்வளவே.