சொன்னது 1.3... ஓடுவது 3.9!

ஏற்காட்டில் டிசம்பர் மாத இரவு. காபிப் பழம் பறிக்கிற சமயம் என்பதால் எஸ்டேட் மேஸ்திரி வீடு திரும்பவே மணி எட்டாகிவிட்டது. மகள் கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அதன் மேலேயே புது லேப்டாப்பை வைத்து காலேஜ் புராஜெக்ட் செய்துகொண்டிருக்கிறாள். டாஸ்க் மேனேஜரை அவள் திறந்த நேரம் பார்த்து அப்பா எட்டிப் பார்த்தார். ‘பேஸ் ஸ்பீட்: 1.30 கிகாஹெர்ட்ஸ்’ என்று ஓரத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே பெரிய எழுத்தில் 3.9 ஓடுகிறது.

“என்னம்மா இது, 1.3ன்னு போட்டுட்டு மூணு மடங்கு ஓடுது? எரிஞ்சு கிரிஞ்சு போயிடாதா? இன்னும் தவணையே முடியலை!”

“ஒண்ணும் ஆகாதுப்பா” என்கிறாளே தவிர, ஏன் ஆகாது என்பது அவளுக்கும் தெரியவில்லை.

சேலத்திலிருந்து மேலே வரும் சரக்கு லாரியை நினைத்துக்கொண்டால் போதும். முழுச் சுமையோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும்போதும் ‘இதற்குக் குறையாமல் போகும்’ என்று சொல்லக்கூடிய வேகம் ஒன்று உண்டு. பேஸ் ஸ்பீட் அதுதான். அதே லாரி சரக்கை இறக்கிவிட்டு, அடிவாரம் தாண்டி சமவெளி ரோட்டைப் பிடித்தால் அந்த வேகத்திலேயேவா போகும்?

இன்டெல் ஐ5-1235யூ சிப்பை எடுத்துக்கொள்ளலாம். உள்ளே பத்து கோர்கள்; இரண்டு பெரியவை, எட்டு சிறியவை. 15 வாட் மின்சாரத்துக்குள் பாரம் இழுக்கும்போது பெரிய கோர்களுக்குக் கம்பெனி உறுதி தருவது 1.3. ஆனால் ஃபைல் திறப்பது, வெப்சைட் பார்ப்பது போன்ற வேலைகளில் ஒன்றிரண்டு கோர்களுக்குத்தான் அவசரம். மற்றவை சும்மா இருக்கும். அவை செலவழிக்காத மின்சாரமும் வெளியிடாத சூடும் மிச்சம். அந்த மிச்சத்தை வேலை செய்கிற கோருக்குக் கொடுத்து 4.4 வரை கொண்டுபோகிறது சிப்.

இதற்கு விலை உண்டு. வேகம் கூடினால் வோல்டேஜும் கூட வேண்டும். வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் சூடு மளமளவென்று ஏறும். அதனால்தான் உச்சத்தில் இதே சிப் 55 வாட் வரை இழுக்கிறது. தோசைக்கல் காய நேரம் எடுப்பதுபோல, உள்ளே இருக்கும் செம்புக் குழாயும் தகடும் சூடாகச் சில நொடிகள் ஆகும். அந்த அவகாசத்தில் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு இறங்கிவிடும். ஓடும்போதெல்லாம் தன் சூட்டைத் தானே அளந்துகொண்டிருக்கும்; 100 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்பா பயந்தபடி எரிய வாய்ப்பில்லை.

வேகத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிற வழி முன்பே அடைபட்டுவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ வெளியிடும் திட்டத்தை 2004-ல் இன்டெல் கைவிட்டது. 2008-ல் கோர் ஐ7-ல் ‘டர்போ பூஸ்ட்’ வந்தது. ஏஎம்டி 2010-ல் தன் பங்குக்கு ‘டர்போ கோர்’ கொண்டுவந்தது. கடை போர்டில் ‘4.4 வரை’ என்று போடுகிறார்களே, அதில் கவனிக்க வேண்டிய வார்த்தை ‘வரை’!

அப்படியானால் குளிர்ந்த ஏற்காட்டில் லேப்டாப் சேலத்தைவிட வேகமாக ஓடுமா? கொஞ்சம் ஓடலாம். சேலத்தில் 38 டிகிரி கொளுத்தும் மதியம் மேலே ஏறத்தாழ 30 இருந்தால், சூட்டைத் தள்ள எட்டு டிகிரி கூடுதல் இடம் கிடைக்கிறது. ஆனால் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று சேலத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு மெலிசு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகிற சூடு குறைவு. குளிர் கொடுத்த லாபத்தில் பெரும்பகுதியை உயரம் வாங்கிக்கொள்கிறது.

இரண்டையும்விடப் பெரிய வில்லன் அந்தக் கட்டிலில்தான் இருந்தது. அரை மணி நேரம் வீடியோ எடிட்டிங் ஓடியதும், 3.9 மெல்ல 1.6-க்கு இறங்கிவிட்டது. ஃபேன் மட்டும் அலறுகிறது.

அப்பா லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தார். காற்று இழுக்கிற அடிப்பக்க ஓட்டைகளைக் கம்பளி முழுக்க மூடியிருந்தது.

“நீ குளிருக்குப் போத்திக்க, சரி. அதுக்கு எதுக்கும்மா கம்பளி?”

சாப்பாட்டு மேஜையில் கொண்டுபோய் வைத்தார். இரண்டு நிமிடத்தில் 2.4.