கையில் காசு இல்லையா? வக்கீல் உண்டு!

எழும்பூர் கோர்ட்டு வாசலில் காலை 10 மணிக்கு நின்று பாருங்கள். சைதாப்பேட்டை கோர்ட்டிலும் இதே கதைதான். கலைந்த தலையும் அழுத கண்ணுமாகப் பெண்கள் நிற்பார்கள். மகனையோ, கணவனையோ ராத்திரி போலீசார் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

வக்கீல் வருவதற்குள் புரோக்கர் வந்துவிடுவான்.

"ஜாமீன்தானேம்மா? இன்னைக்கே எடுத்துடலாம். மொதல்ல செலவுக்குக் குடு" என்பான். காதில் கிடக்கும் கம்மல் அடகுக்கடைக்குப் போகும். அப்புறம் கந்துவட்டி.

இவ்வளவும் தேவையே இல்லை! கைதாகி இருப்பவனுக்கு இலவசமாக வக்கீல் வைத்துக்கொடுக்கச் சட்டம் இருக்கிறது. அதை அந்தத் தாயிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

யார் யாருக்கு?

காசு இல்லை என்பதற்காக எவருக்கும் நீதி மறுக்கப்படக்கூடாது என்று 1976-ல் அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 1987-ல் சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9-ந் தேதி அது அமலுக்கு வந்தது.

பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், வெள்ளம்-பூகம்பம் போன்ற பேரழிவில் சிக்கியவர்கள், போலீஸ் காவலிலோ ஜெயிலிலோ இருப்பவர்கள். இவர்கள் எல்லோருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. பெண் என்றால் போதும்!

மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. அதற்கும் சர்ட்டிபிகேட்டு கேட்டுத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டும் என்பது இல்லை. "என் வருமானம் இவ்வளவுதான்" என்று பிரமாண வாக்குமூலம் கொடுத்தால், சந்தேகப்பட காரணம் இல்லாதவரை அதையே ஏற்றுக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது.

வக்கீல் பீஸ் மட்டும் அல்ல. கோர்ட்டு கட்டணம், மனு எழுதும் செலவு, தீர்ப்பு நகல் எடுக்கும் செலவு எல்லாம் இதில் அடக்கம். ஆணைக்குழு அனுப்பும் வக்கீல், கட்சிக்காரரிடம் ஒரு பைசாகூட கேட்கக்கூடாது, கொடுத்தாலும் வாங்கக்கூடாது. இது விதி.

எங்கே போவது?

மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழு, சென்னை ஐகோர்ட்டு வளாகத்தில் வடக்கு கோட்டை சாலையில் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட நீதிபதி தலைமையில் ஓர் ஆணைக்குழு உண்டு. தாலுகா கோர்ட்டுகளில் வட்ட சட்டப்பணிகள் குழு உண்டு. போக முடியாதவர்கள் 15100 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம்.

எழுதப் படிக்கத் தெரியாதா? வாயால் சொன்னால் போதும். அவர்களே மனு எழுதிக்கொள்வார்கள். 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மனுவைத் தள்ளிவிட்டால் அப்பீல் செய்யலாம்.

சமாதானமாகப் போகக்கூடிய தகராறு என்றால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. விபத்து நஷ்டஈடு, பேங்க் கடன், செக் வழக்கு எல்லாம் அங்கே பேசி முடிக்கலாம். கோர்ட்டில் உள்ள வழக்கு அங்கே முடிந்தால், கட்டிய கோர்ட்டு கட்டணம் திரும்பக் கிடைக்கும். முடிவுக்கு மேல் அப்பீல் இல்லை. எனவே கையெழுத்துப் போடுமுன் தொகை சரிதானா என்று நன்றாக யோசியுங்கள்.

"அவன் கேட்கவில்லையே!"

"கேட்டால் கொடுக்கிறோம், யாரும் கேட்பதில்லை" என்று அதிகாரிகள் சொல்லலாம். அது எடுபடாது.

பீகார் ஜெயில்களில் விசாரணைக் கைதிகள் பலர், குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய தண்டனைக் காலத்தையும் தாண்டி அடைபட்டுக் கிடந்தார்கள். 1979-ல் அந்த வழக்கில், ஏழைக் கைதிக்கு இலவச வக்கீல் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 1980-ல் இன்னொரு பீகார் வழக்கில், கைதியை முதல்முதலாகக் கொண்டுவந்து நிறுத்தும்போதே இந்த உரிமையை மாஜிஸ்திரேட்டு எடுத்துச் சொல்ல வேண்டும் என்றது.

1986-ல் அருணாசல பிரதேச வழக்கு. வக்கீல் இல்லாமலே விசாரித்துத் தண்டனை கொடுத்துவிட்டார்கள். "அவன் கேட்கவில்லையே" என்றார்கள். கேட்கவில்லை என்பது காரணம் ஆகாது என்று சொல்லி, தண்டனையையே ரத்து செய்தது சுப்ரீம் கோர்ட்டு.

ஆக, சொல்ல வேண்டியது அரசாங்கத்தின் கடமை!

ஓசி வக்கீலா?

"சும்மா வர்ற வக்கீல் என்னத்த வாதாடப் போறாரு?" என்று ஜனங்கள் கேட்கிறார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வாய்தாவுக்கு வராத வக்கீலும் உண்டு. உயிரைக் கொடுத்து வாதாடுபவரும் உண்டு. காசு கொடுத்து வைக்கும் வக்கீல்களிலும் இப்படித்தானே? சரியாக நடத்தவில்லை என்றால் ஆணைக்குழுவிடம் புகார் செய்யலாம். வேறு வக்கீல் கேட்கலாம். பட்டியலில் உள்ள இன்னாரே வேண்டும் என்றும் கேட்டுப் பார்க்கலாம். புரோக்கரிடம் போய் இப்படிக் கேட்க முடியுமா?

செய்ய வேண்டியது

மேடை போட்டு, மாலை போட்டு நடத்தும் விழிப்புணர்வு முகாம் மட்டும் போதாது. கஷ்டம் வரும் இடத்தில் போர்டு தொங்க வேண்டும்.

ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும், எழுத்தரின் மேஜைக்குப் பின்னால் அல்ல, வாசலில் தெரிய வேண்டும். ரேஷன் கடையில் வேண்டும். அரசு ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவில் வேண்டும். கண்ணகி நகர், பெரும்பாக்கம் குடியிருப்புகளில் பிளாக்குக்கு ஒன்று வேண்டும். "வக்கீல் இலவசம். 15100" என்று கொட்டை எழுத்தில் எழுதினால் போதும். ஆகும் செலவு என்ன? ஒரு டப்பா பெயிண்டு!

கோர்ட்டு வாசலில் காலையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி போட்டு ஆணைக்குழுவின் சட்டத் தொண்டர் ஒருவரை உட்காரவையுங்கள். புரோக்கர் தானாக இடத்தைக் காலி செய்வான்.

போர்டு வரும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டாம். அந்த நம்பரை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும், தெருமுனை ஆட்டோக்காரரிடமும் சொல்லுங்கள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது ஒரு நாள், ஒரு குடும்பத்தின் கம்மல் மிஞ்சும்.