பழைய காருக்கு மும்பை வாசல் மட்டும்தானா?

தேனாம்பேட்டையிலே வாடகைக்கு ஓடும் ஆட்டோ, எட்டாண்டு கடந்துவிட்டால் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற்றாக வேண்டும். பாட்டாளியின் வண்டிக்கு இத்தனை கட்டுப்பாடு என்றால், சீமான் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் பழைய காருக்கு?

அதற்கும் உண்டு! 2001-இல் டில்லி சர்க்கார் வகுத்த விதிப்படி, அந்தக் கார் செய்யப்பட்டு 3 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது; ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும்; இன்னும் 5 ஆண்டுகளேனும் சாலையில் ஓடும் தகுதி வேண்டும். கப்பலில் ஏற்றுமுன் ஒரு சான்று, இங்கு இறங்கியபின் ஒரு சோதனை.

நல்ல விதிதான். பிறநாட்டார் கழித்துக்கட்டிய வண்டிகள் இங்கே குவிந்தால், தெருவில் போவது ஏழையின் உயிர். ஆலையில் பறிபோவது இருங்காட்டுக்கோட்டைத் தொழிலாளியின் வேலை.

ஆனால், அதே விதி மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே இறக்கலாம் என்கிறதே, அது என்ன நியாயம்? கார் செய்து கடல் கடந்து அனுப்புகிறது சென்னை. சோதித்துப் பார்க்க, டில்லியே கட்டிய ஆய்வு மையம் ஒரகடத்தில் நிற்கிறது. துறைமுகம் உண்டு, உழைக்கும் கரங்கள் உண்டு. உரிமை மட்டும் இல்லை!

சோதனையின் கண்டிப்பு இம்மியும் குறைய வேண்டாம். மும்பைக்குத் திறந்த கதவு சென்னைக்கும் திறக்கட்டும். தோழர்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.