குறைஞ்சா உனக்கு, கூடினா கடைக்கு

பரீட்சை முடிஞ்ச இரவு, ரூமில ஏழு பேர் ஒரு போனைச் சுத்தி இருந்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தோம். போக்கர் டீலர்கள் விட்ட பிழைகளின் தொகுப்பு அது. ஒரு டீலர் ஆளே இல்லாத கதிரைக்குக் கார்ட் போடுகிறார். இன்னொருவர் மூன்று கார்ட் திறக்கவேண்டிய இடத்தில் நாலைத் திறந்துவிட்டு முழிக்கிறார். வேறொருவர் நடுவில் குவிந்து கிடந்த சிப்ஸ் முழுவதையும் தோற்ற ஆளின் பக்கம் தள்ளிவிடுகிறார். அந்த ஆளும் ஒன்றும் பேசாமல் அடுக்கத் தொடங்குகிறார். வயிறு நோகச் சிரிச்சோம். அதை மறைக்கப் போறதில்லை.

சிரிக்காமல் இருந்தது ஒருத்திதான். "இப்ப அந்த டீலருக்கு என்ன நடந்திருக்கும்?" எண்டு கேட்டாள். அவள் போன லீவில ஒரு கடையில் காசாளராக வேலை செய்தவள். இரவு கணக்கு முடிக்கும்போது காசு குறைந்தால் அவளுடைய சம்பளத்தில் வெட்டுவார்கள். கூடினால்? "கூடினா கடைக்கு" என்றாள். மூன்று மாதத்தில் ஒருநாள்கூடக் கூடின காசு அவளுக்கு வந்ததில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் இருந்து வந்தது. நாங்கள் சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஒரு வேலையிடத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

304 அடிக்கிற எல்லாருக்கும் தெரியும், கார்ட்டைப் பிழையாப் போட்டா என்ன நடக்கும் எண்டு. "டேய், பிழைச்சுப் போச்சு, திரும்பக் கலக்கு." ரெண்டு நக்கல், ஒரு பிளேன்ரீ, அவ்வளவுதான். ஏனென்றால் அந்த மேசையில் முதலாளி இல்லை.

கசினோவில் முதலாளி இருக்கிறார், ஆனால் போக்கர் மேசையில் அவர் விளையாடுவதில்லை. விளையாடுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள். கசினோ ஒவ்வொரு ஆட்டத்தின் காசிலும் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்கிறது. சுற்றுப்போட்டி என்றால் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியை எடுக்கிறது. யார் வென்றாலும் அந்தப் பங்கு குறையாது. ஆகவே டீலர் பிழைவிட்டால் நட்டப்படுவது ஒரு விளையாட்டுக்காரர், கேவலப்படுவது டீலர். கசினோவுக்கு ஒரு சதமும் குறைவதில்லை.

2009 இல் லாஸ் வேகாஸில் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஒஃப் போக்கரின் பிரதான போட்டியை எடுங்கள். நுழைவுக் கட்டணம் 10,000 டொலர். பிரான்ஸின் தொலைக்காட்சித் தொகுப்பாளர் எஸ்ரெல் டெனியின் கையில் இரண்டு ஏஸ் இருந்தன. போக்கரில் தொடக்கத்தில் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த கை அதுதான், சராசரியாக 221 தடவைக்கு ஒருமுறைதான் வரும். அவர் ஆட்டத்தை விட்டுவிட்டார் என்று நினைத்தாரோ என்னவோ, டீலர் அந்த இரண்டு கார்ட்டையும் இழுத்துக் கைவிட்ட கார்ட்ஸின் குவியலுக்குள் போட்டுவிட்டார். கை செத்தது. அழுது பிரயோசனம் இல்லை. ஏனென்றால் விதி அப்படி.

விதி என்ன சொல்கிறது? போட்டி நடத்துநர்களின் சங்கம் ஒன்று 2001 இல் தொடங்கி உலகம் முழுக்கப் பொதுவான விதிகளை எழுதி வைத்திருக்கிறது. அதன்படி உங்கள் கையை நீங்கள்தான் பாதுகாக்கவேண்டும். டீலர் தவறுதலாக அதைக் கொன்றால் உங்களுக்குப் பரிகாரம் கிடையாது. எதிராளி எவ்வளவு பந்தயம் வைத்திருக்கிறார் என்று கேட்டு, டீலர் பிழையான தொகையைச் சொல்லி, அதை நம்பி நீங்கள் "சரி" என்றாலும், உண்மையான தொகைக்கு நீங்கள்தான் பொறுப்பு. சுருக்கமாகச் சொன்னால், எங்கள் ஊழியரை நம்பியது உங்கள் பிழை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. குவியலுக்குள் போன கார்ட்டை யார் அடையாளம் காட்டுவது? "என்னட்ட ஏஸ்தான் இருந்தது" என்று யாரும் சொல்லலாம். விளையாட்டுக்குள் செத்த கை செத்ததாகவே இருக்கட்டும், அது சரி. எங்கள் கேள்வி விளையாட்டுக்கு வெளியே இருக்கிறது. டீலரை வேலைக்கு வைத்தது யார்? பயிற்சி கொடுத்தது யார்? எத்தனை மணித்தியாலம் இருத்துவது என்று தீர்மானித்தது யார்? அந்த ஆளுக்கு மட்டும் ஏன் இந்தப் பிழையில் பங்கே இல்லை?

அந்த வேலையையும் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஒன்பது பேர் இருக்கிற மேசையில் ஆளுக்கு இரண்டு வீதம் 18 கார்ட். நடுவில் திறப்பது 5. ஒவ்வொரு முறை திறக்க முன்னும் மேலே இருப்பதை ஒதுக்கி வைப்பது 3. மொத்தம் 26. மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 30 கை போடவேண்டும். மேசையில் ஆறு மணித்தியாலம் என்றால் 180 கை. எல்லாம் கடைசிக் கார்ட் வரை போனால் 4,680 தடவை. இதற்கிடையில் கலக்கவேண்டும், சிப்ஸ் எண்ணவேண்டும், ஒருவரிடம் காசு முடிந்தால் குவியலைப் பிரிக்கவேண்டும், யார் வென்றார் என்று வாசிக்கவேண்டும், தோற்றவர் கத்தும்போது முகம் மாறாமல் இருக்கவேண்டும். இந்த 4,680 இல் ஒன்று வழுக்கினால் அதுதான் வீடியோ. மற்ற 4,679 ஐ யாரும் வெட்டிப் போடுவதில்லை.

பிழை கசினோவின் பொக்கற்றைத் தொட்டால் என்ன நடக்கும்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2012 ஏப்ரல் 30, அத்லாந்திக் சிற்றியில் உள்ள கோல்டன் நக்கெட் கசினோ. இது போக்கர் இல்லை, மினி பக்காரா. இங்கே விளையாடுகிறவர்கள் கசினோவுக்கு எதிராகவே பந்தயம் வைப்பார்கள். முன்கூட்டியே கலக்கப்பட்டு வரவேண்டிய கார்ட்ஸ் கலக்கப்படாமல் வந்தன. டீலர் தனக்குத் தந்ததைப் போட்டார். அதே வரிசை திரும்பத் திரும்ப வந்தது. மேசையில் இருந்தவர்கள் அதைக் கவனித்துப் பந்தயத்தைக் கூட்டினார்கள். தொடர்ந்து 41 கை வெற்றி. 14 பேர், 15 லட்சம் டொலருக்கு மேல்.

இப்போது அந்த விதியை நினைத்துப் பாருங்கள். உங்கள் கையை நீங்கள்தான் பாதுகாக்கவேண்டும் என்றால், கசினோவும் தன் கையைத்தானே பாதுகாத்திருக்கவேண்டும்? பாதுகாக்கவில்லையே, ஆகவே போனது போனதுதான் என்று விட்டார்களா? இல்லை. நீதிமன்றம் போனார்கள். வென்ற காசைத் திருப்பிக் கேட்டார்கள். கார்ட்ஸ் தயாரித்த கொம்பனிக்கு எதிராகவும் வழக்கு. வருடக்கணக்காக இழுத்து, 2015 இல் கசினோவின் பக்கம் ஒரு தீர்ப்பு வந்தது: கலக்காத கார்ட்ஸால் நடந்தது சட்டப்படி ஆட்டமே இல்லையாம்.

எங்கள் ரூமில் இதை வாசித்துக் காட்டினபோது அந்தக் காசாளர் பிள்ளைதான் முதலில் சிரித்தாள். "பாத்தியளா? கூடினா கடைக்கு."

டீலரின் சம்பளத்துக்கு வருவோம். அமெரிக்க மத்திய சட்டப்படி ரிப்ஸ் வாங்குகிற ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்கவேண்டிய ஆகக் குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 2.13 டொலர். 1991 இலிருந்து அது மாறவில்லை. லாஸ் வேகாஸ் இருக்கிற நெவாடா மாநிலம் இந்தச் சலுகையை முதலாளிக்குக் கொடுப்பதில்லை. ஆனாலும் அங்கேயும் டீலரின் வருமானத்தில் பெரும்பங்கு ரிப்ஸ்தான். இதன் அர்த்தம் என்ன? பிழைவிட்ட மேசையில் ரிப்ஸ் விழாது. தண்டப்பணத்தைக் கசினோ அறவிடத் தேவையில்லை, விளையாட்டுக்காரர்களே கையைச் சுருக்கிக்கொள்வார்கள். 2006 இல் வின் லாஸ் வேகாஸ் நிர்வாகம் டீலர்களின் ரிப்ஸில் மேற்பார்வையாளர்களுக்கும் பங்கு கொடுக்க வைத்தது. டீலர்கள் அதை வீடியோ பார்த்துச் சிரித்துக் கடக்கவில்லை. 2007 இல் வாக்களித்துத் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள்.

"10,000 டொலர் கட்டி விளையாடுறவனுக்காக நாங்கள் ஏன் அழவேணும்?" எண்டு ஒருத்தன் கேட்டான். அழத் தேவையில்லை. ஆனால் அந்த மேசையில் சம்பளத்துக்கு இருக்கிறது ஒரே ஒரு ஆள்தான், அந்த ஆளைத்தான் நாங்கள் பார்த்துச் சிரிக்கிறோம். 10,000 டொலர் கட்டினவரும் அவரைத்தான் ஏசுகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் விதியை எழுதிவைத்து இருப்பவர் வீடியோவிலேயே இல்லை.

எங்கள் நிலைப்பாடு இதுதான். டீலரின் பிழையால் ஒரு கை செத்தால், கை செத்ததாக இருக்கட்டும். அந்த ஆளின் நுழைவுக் கட்டணத்தில் கசினோ எடுத்த பங்கையாவது கசினோ திருப்பிக் கொடுக்கட்டும். தன் ஊழியரின் வேலையால் உழைக்கிறவர், தன் ஊழியரின் பிழையாலும் கொஞ்சம் நட்டப்படட்டும். அப்போதுதான் டீலருக்கு ஓய்வு போதுமா, பயிற்சி போதுமா என்று யோசிக்க அவருக்கு ஒரு காரணம் வரும். செலவில்லாத பிழையை எந்த முதலாளியும் திருத்தமாட்டார்.

இது லாஸ் வேகாஸ் கதை, எங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். கொழும்பிலும் கசினோ இருக்கிறது, மேசைக்கு ஆள் தேடுகிறார்கள். "ஆர்ட்ஸ் படிச்சிட்டு என்ன செய்யப் போறீங்கள்?" என்று எங்களைக் கேட்காத மாமா மாமிமார் கிடையாது. எங்கட பற்ச்சில் ஒருத்தர் நாளைக்கு அந்த மேசையில் இருக்கலாம். இன்னொருத்தர் கடையில், இன்னொருத்தர் வங்கிக் கவுண்டரில். எல்லா இடத்திலும் எண்ணுகிற கை எங்களுடையது, விதி எழுதுகிற கை வேறொருவருடையது.

அந்த வீடியோவை நாங்கள் திரும்பவும் பார்த்தோம். தோற்ற ஆளுக்குச் சிப்ஸைத் தள்ளிவிட்ட அந்த டீலர், பிழை தெரிந்த உடனே நிமிர்ந்து பார்க்கிறார். வென்றவரைப் பார்க்கவில்லை, தோற்றவரைப் பார்க்கவில்லை. மேற்பார்வையாளர் எங்கே நிற்கிறார் என்று தேடுகிறார். முதல் தடவை நாங்கள் சிரித்துக்கொண்டிருந்ததில் அது தெரியவில்லை.